சிவப்புக்கு அடியில் நீலம்

"என் சாமானை மட்டும் சுத்தம் பண்ணட்டா, இல்ல அவன் சாமானையும் சேத்துப் பண்ணட்டா?"

சவரிராயன் வந்து நின்றதும் கேட்டது இதைத்தான். அவரைக் கொண்டுவந்து விட்ட லோடு ஆட்டோ இரண்டு சாக்கு மூட்டைகளை மணலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கிணற்றுக்குள் வாளியை விட்டுக்கொண்டிருந்த பூரணத்தம்மா திரும்பிப் பார்த்தார்.

"அவன்னா யாரு, அண்ணாச்சி?"

"தம்பி. இன்னாசி."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

சவரிராயன் மூட்டைகளைக் கிணற்றடிக்கு இழுத்தார். இந்தத் தேரிக்காட்டுக்கு அவர் வர ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. தம்பி என்ற சொல் இன்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

*

அவர் தோணி கட்டும் ஓடாவி. மனைவி இறந்தபிறகு கடற்கரையில் இருப்புக் கொள்ளாமல் கால் போன போக்கில் நடந்தவர், ஒருநாள் இந்தச் செம்மணல் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பனைகளுக்கு நடுவே ஓர் ஓலைக் குடிசை. ஒரு கிணறு. கொஞ்சம் ஆடுகள். அங்கே இருந்த பூரணத்தம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். என்ன கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

அவரிடம் வந்தவர்களில் சிலர் தெளிந்து போனார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சவரிராயன் ஒவ்வொரு தடவையும் குழம்பிப் போனார். குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள மறுபடி வந்தார்.

அப்படியே சீடராகிவிட்டார்.

*

மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார். உளி, சுத்தியல், ரம்பம், இழைப்புளி. எதுவும் அது அதுவாக இல்லை. எல்லாம் துருவும் சேறும் அப்பிய கட்டிகள்.

"இந்த மழையில பட்டறைக்குள்ள தண்ணி ஏறிட்டும்மா. ஏறின தண்ணி வடியவே இல்ல. கடைசியில நடுச்சுவரும் விழுந்திட்டு."

"பட்டறைக்கு நடுவுல எதுக்குச் சுவரு?"

"அவன் பாதி, நான் பாதி."

அப்பா இறந்து பாகம் பிரித்தபோது ஆளுக்குப் பாதிச் சாமான் வந்தது. கலந்துவிடக் கூடாதே என்று அண்ணன் தன் பங்குக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்தார். தம்பி தன் பங்குக்குச் சிவப்பு அடித்தார். பிறகு தம்பி சாமானைப் போட்டது போட்டபடி பூட்டிவிட்டு, கொச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"இப்ப எல்லாம் ஒரே சேத்துக்குள்ள கிடந்திச்சு. மொத்தமா அள்ளிட்டு வந்திட்டேன். கடக்கரையில வச்சித் தேச்சா மறுநாளே துரு பூத்திரும். இங்கன காத்துல உப்பு இல்லைலா."

"சரி. இதுல உங்க சாமான் எது?"

"நீலம்."

பூரணத்தம்மா குவியலைப் பார்த்தார். எல்லாம் ஒரே பழுப்பு.

"நீலம் எங்க இருக்கு?"

"துருவுக்கு அடியில இருக்கும்மா. துரு போனாத்தான் தெரியும்."

"அப்ப துருவை எடுங்க."

"எடுத்தபெறவு அது அவனோடதா இருந்திட்டா?"

பூரணத்தம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு குடிசையை நோக்கி நடந்தார். சவரிராயன் பின்னாலேயே போனார்.

"அவன் சாமானை நான் எதுக்கும்மா தேய்க்கணும்?"

"தேய்க்க வேண்டாம்."

"தேய்க்காம எப்படித் தெரியும், அவன் சாமான்னு?"

"தெரியாது."

பூரணத்தம்மா உள்ளே போய்விட்டார்.

சவரிராயன் வெயிலில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தார்.

*

ஒரு பழைய தகர டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றினார். கட்டிகளை ஊறப் போட்டார். ஊறியதை எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்தார். அதற்கும் போகாததை மழுங்கின கத்தியால் சுரண்டினார். சுரண்டியதைத் தேங்காய் நாரில் மணல் தொட்டுத் துலக்கினார்.

துரு செதில் செதிலாக வந்தது. ஏதாவது ஒரு மூலையில் நீலம் எட்டிப் பார்த்தால் முகம் மலர்ந்தது. சிவப்பு எட்டிப் பார்த்தால், "சவத்தைப் போடு" என்று மணலில் எறிந்தார்.

ஆனால் நிறம் கண்ணில் படும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பாதியில் விட்ட வேலை கிடந்து அவர் கண்ணை உறுத்தியது. எறிந்ததைத் திட்டிக்கொண்டே மறுபடி எடுத்து வந்து மீதியையும் முடித்தார்.

நீலம் ஒரு குவியல். சிவப்பு ஒரு குவியல்.

மூன்றாவதாக ஒரு தொல்லை வந்தது. சிலவற்றில் துரு பெயிண்டுக்குள்ளேயே புகுந்திருந்தது. துருவைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து உதிர்ந்தது. கடைசியில் கையில் மிஞ்சியது வெறும் இரும்பு.

ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பூரணத்தம்மாவிடம் போனார்.

"அம்மா, இதுல நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல. எந்தப் பக்கம் போட?"

"எந்தப் பக்கம் இடம் இருக்கு?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"நல்லதாப் போச்சு."

என்ன நல்லதாகப் போயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை. சுத்தியலை இரண்டு குவியலுக்கும் நடுவில் வைத்தார். நாளாக ஆக அந்த நடுக்குவியல்தான் பெரிதாகிக்கொண்டே வந்தது.

*

ஒருநாள் வேலை நடுவே நிமிர்ந்து பார்த்தவர், கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்.

பூரணத்தம்மா பாத்தியில் குந்தி உட்கார்ந்து பனங்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். கையில் அகலமான உளி ஒன்று.

"அம்மா! அது உளிம்மா! மரத்துல படவேண்டிய வாயை மண்ணுல குத்துதீகளே!"

"சிவப்புக் குவியல்ல கிடந்துச்சு. உங்க சாமான் இல்லையே, அண்ணாச்சி."

"யாரு சாமானா இருந்தா என்ன? வாயி போயிருமே!"

உளியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வாய் மடங்கியிருந்தது. ஒரு முனையில் கல் பட்டுப் பல் விழுந்திருந்தது.

அன்று மீதிப் பொழுது முழுக்க அவர் வேறு எதையும் தொடவில்லை. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த வாயைத் தீட்டினார். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். போதவில்லை. மறுபடி தீட்டினார். கடைசியில் ஒரு துண்டுத் துணியில் சுற்றி, சிவப்புக் குவியலின் மேல் பத்திரமாக வைத்தார்.

வைத்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

"இதை நான் எதுக்குத் தீட்டினேன்?"

பூரணத்தம்மா அவித்த கிழங்கை ஓலையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"ருசியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சாப்பிடுங்க."

*

இரண்டாவது மூட்டையின் அடியில் ஒரு பெரிய கட்டி கிடந்தது. சேறு கல்லாக இறுகியிருந்தது. வடிவம் தெரியவில்லை. ஆனால் தூக்கியதுமே அந்தக் கனத்தை அவர் கை அடையாளம் கண்டுகொண்டது.

வாச்சி. தோணிப் பலகையைச் செதுக்குகிற வாச்சி.

அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கிடைச்சிட்டும்மா. அப்பாவோட வாச்சி."

பூரணத்தம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"தொலைஞ்சு போயிருந்துச்சா?"

"தொலையல. களவு போச்சு. பாகம் பிரிச்ச அன்னைக்குக் காலையில இருந்திச்சு. மத்தியானம் இல்ல. அங்கன இருந்தது நாங்க ரெண்டு பேருதான். கேட்டேன். எடுக்கலைன்னான். மாதா மேல சத்தியம் பண்ணுலேன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். திருடன்னு சொன்னேன். அன்னைக்கோட பேச்சு நிண்ணுபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

பூரணத்தம்மா குழையை விட்டுவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி மரியசெல்வம் இறந்தப்ப வந்தான்" என்றார் சவரிராயன். "தாயில்லாத பய. நான் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தப்ப சின்னப் பயலா இருந்தான். அவனுக்குச் சோறு ஊட்டினது எல்லாம் அவதான். கையில மாலையோட வந்து நிண்ணான். திருடன் என் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னேன். சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போறவரைக்கும் தெருவுலயே நிண்ணான். மாலையை வேலியில மாட்டிட்டுப் போயிட்டான். அதுக்குப் பெறவுதான் கொச்சிக்குப் போனது."

காற்று வீசியது. மணல் அவர் காலடியில் ஊர்ந்தது.

"இப்ப இதுல சிவப்பு இருந்திச்சுன்னா, நான் செஞ்சது சரி."

பூரணத்தம்மா வாச்சியைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

"சுரண்டுங்க" என்றார்.

*

சேற்றைத் தட்டி உதிர்த்தார். ஊறப் போட்டார். ஊறி முடியும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. ஈரத்தோடு எடுத்துச் சுரண்டினார்.

வாச்சியின் முதுகில் ஓர் இடத்தில் துரு பெயர்ந்தது.

சிவப்பு.

மணல் மேட்டில் ஓடமுடியாது. ஆனாலும் ஓடினார்.

"பாருங்கம்மா! அவன் நிறம்! எடுத்ததும் இல்லாம பெயிண்டும் அடிச்சிருக்கான்!"

"அப்ப நீங்க செஞ்சது சரி."

"சரிதான்!"

"சந்தோஷமா இருக்கா?"

சவரிராயன் அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"தெரியலம்மா" என்றார்.

"வேலை முடிஞ்சுதா?"

"கழுத்துப் பக்கம் இன்னும் துரு இருக்கு."

"முடிச்சிட்டு வாங்க."

திரும்பிப் போய் உட்கார்ந்தார். கழுத்தில் கத்தி ஒருமுறை சறுக்கியது. சிவப்பில் ஒரு செதில் தெறித்து விழுந்தது. அதற்கு அடியில் நீலம் இருந்தது.

இந்தத் தடவை மெதுவாக நடந்து வந்தார்.

"அம்மா, சிவப்புக்கு அடியில நீலம்."

"நீலம் உங்க நிறம்தானே?"

"ஆமா. ஆனா நான் இதுக்குப் பெயிண்ட் அடிக்கவே இல்லையே. நாங்க பெயிண்ட் அடிக்கதுக்கு முந்தியே இது காணாமப் போச்சே."

"அப்ப யாரு அடிச்சது?"

"அதான் தெரியல."

வாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்போடு நிறுத்தினால் தம்பியுடையது. நீலத்தோடு நிறுத்தினால் தன்னுடையது. இன்னும் சுரண்டினால் யாருடையதாகுமோ?

"எதுவரைக்கும்மா சுரண்ட?"

"கை வலிக்கலையா, அண்ணாச்சி?"

"வலிக்கு."

"அப்படியா" என்றார் பூரணத்தம்மா. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பனைகளுக்குள் போய்விட்டார்.

*

நீலத்துக்கு அடியில் பச்சை வந்தது.

பச்சைக்கு அடியில் வெள்ளை வந்தது.

வெள்ளையைக் கண்டதும் சவரிராயனின் கை நின்றது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது கட்டிய ஒரு தோணிக்கு அடித்த வெள்ளை அது. தோணியைக் கடலில் இறக்கிய மறுநாள், டின்னில் மிச்சமிருந்த பெயிண்டை அப்பா எடுத்து வருவார். சாமான்களையெல்லாம் வரிசையாக வைத்து ஒரு பூச்சு பூசுவார். "கடக்காத்து இரும்பைத் தின்னுரும்லே" என்பார். அடுத்த தோணிக்கு அடுத்த நிறம். பச்சைத் தோணி, பிறகு நீலத் தோணி, பிறகு சிவப்புத் தோணி. பிரஷ் யார் கையில் என்று அண்ணன் தம்பிக்குள் அடிதடி நடக்கும்.

அத்தனையும் அப்பா அடித்த பெயிண்ட். பாகம் பிரித்தபிறகு தம்பி அடித்த சிவப்பு இது இல்லை. வாச்சி பட்டறைக்குள்ளேயே எங்கோ பலகைக்கு அடியில் விழுந்து, மண்ணுக்குள் போய், இத்தனை வருஷமும் அங்கேயே கிடந்திருக்கிறது.

சவரிராயன் மடியில் வாச்சியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆடுகளோடு பூரணத்தம்மா திரும்பி வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாசி எடுக்கலம்மா."

"அப்படியா?"

"எடுக்காதவனைத் திருடன்னு சொல்லிட்டேன். வளத்தவ முகத்தைக் கடைசியாப் பாக்க விடாமப் பண்ணிட்டேன்."

பூரணத்தம்மா ஆடுகளைக் கட்டினார்.

"மன்னிப்புக் கேக்கணும்மா."

"கேளுங்க."

"போன்ல கேட்டாப் போதுமா?"

"அண்ணாச்சி, இதுல சிவப்போட நின்னிருந்தா நீங்க மன்னிப்புக் கேட்டிருப்பீங்களா?"

"எப்படிக் கேப்பேன்? அப்பம் அவன் திருடன்லா?"

"ஓ" என்றார் பூரணத்தம்மா.

*

தேரிக்குள் செல்போன் எடுக்காது. தார் ரோட்டுக் கடைவரை நடக்கவேண்டும். அந்த 'ஓ'வுக்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். பிடிபடவில்லை.

தம்பி மகளின் நம்பர் அவரிடம் இருந்தது. இத்தனை வருஷம் அதில் பேசியதில்லை. அழிக்கவும் இல்லை.

அந்தப் பெண் எடுத்தாள். பெரியப்பா என்றதும் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

"ஏலே இன்னாசி. நான் அண்ணன் பேசுதேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தேரிக்காட்டுல பூரணத்தம்மா குடிசைக்கிட்ட வச்சி நம்ம சாமானைத் தேச்சிட்டு இருக்கேன். வாச்சி கிடைச்சிட்டுலே. பட்டறைக்குள்ளயே கிடந்திருக்கு. நீ எடுக்கல. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மதினி அடக்கத்துக்கு வந்தவனை வாசல்ல நிறுத்தி அனுப்பினேன். நான் பாவிலே. என்னை மன்னிச்சிரு."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"லேய், கேக்கியா?"

இணைப்பு அறுந்துபோனது. மறுபடி அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

தேரிக்குத் திரும்பி வந்தார்.

"வச்சிட்டாம்மா. மன்னிச்சானா இல்லையான்னே தெரியல."

"நீங்க சொன்னது அவர் காதுல விழுந்துச்சா?"

"விழுந்திச்சு."

"அப்ப வாச்சியை முடிங்க. கழுத்துல இன்னும் துரு இருக்கு."

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கத்தியை எடுத்தார். வெள்ளையும் போனது. இரும்பு வந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தார்.

*

மறுநாள் மத்தியானம் மணல் மேட்டில் ஓர் ஆள் ஏறி வந்தார். கால் புதையப் புதைய வந்தார். தோளில் ஒரு பை.

தலை முழுக்க நரைத்திருந்தது. நடையைப் பார்த்துத்தான் சவரிராயனுக்குத் தெரிந்தது. அது அப்பாவின் நடை.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

இன்னாசி குவியல்களைப் பார்த்தார். சிவப்புக் குவியலின் முன் குனிந்து, துணியில் சுற்றியிருந்த உளியை எடுத்துப் பிரித்தார். வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தீட்டியிருக்கு."

"வாயி மடங்கியிருந்திச்சு."

"யாரு மடக்கினா?"

சவரிராயன் சங்கடத்தோடு குடிசைப் பக்கம் பார்த்தார்.

"நான்தான்" என்றார் பூரணத்தம்மா அங்கிருந்தே. "கிழங்கு தோண்டினேன்."

இன்னாசி அங்கே திரும்பிப் பார்த்தார். உளியைச் சுற்றிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

சவரிராயன் வாச்சியை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாலே. அப்பா வாச்சி. எனக்கு வேண்டாம். இது உனக்குத்தான்."

இன்னாசி அதை வாங்கவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது அந்த வாச்சி இல்ல."

"பின்ன?"

"இது பழசு. அப்பா முந்தி வச்சிருந்தது. கண்ணு விண்டுபோச்சுன்னு தூக்கிப் போட்டாருல்லா. அதுக்குப் பெறவுதானே புதுசு வாங்கினாரு."

சவரிராயன் வாச்சியைத் திருப்பினார். பிடி நுழைகிற துளையின் ஓரத்தில் ஒரு விரிசல் இருந்தது. விரல் நகம் நுழையும் அளவு விரிசல். இத்தனை நேரம் கையில் வைத்துச் சுரண்டியும் அதை அவர் பார்த்திருக்கவில்லை.

"அப்ப அப்பா வாச்சி எங்கலே?"

இன்னாசி பையைத் திறந்தார். பழைய கைலியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை. வெயில் பட்டு அதன் வாய் கண்ணைக் கூசவைத்தது.

சவரிராயன் பழைய வாச்சியோடு தம்பி எதிரில் உட்கார்ந்தார்.

"நீதான் எடுத்தியா?"

"நான்தான்."

"அன்னைக்கேயா?"

"அன்னைக்கேதான். நீ சாப்பிடப் போனப்ப."

"ஏம்லே?"

"நான் எடுக்கலைன்னா நீ எடுத்திருவியோன்னு."

சவரிராயன் அதைக் கையில் வாங்கினார். கனம் பார்த்தார்.

"இதை வச்சி வேலை செஞ்சியா?"

"ஒருநாள்கூட இல்ல. வெளிய எடுத்தா யாராவது உன்கிட்டச் சொல்லிருவாகன்னு பயம். கட்டிலுக்கு அடியில வச்சி எண்ணெய் போட்டுக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

"நேத்து போன்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்லுவேன்? நீ என்னைத் திட்டியிருந்தா திரும்பத் திட்டியிருப்பேன். மன்னிப்புல்லா கேட்டே." இன்னாசி கைலியை மடித்தார். "போனை வச்சிட்டு, இதை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்."

*

சவரிராயன் எழுந்தார். ஒரு கையில் சுரண்டிய வாச்சி. ஒரு கையில் பளபளக்கும் வாச்சி. இரண்டையும் தூக்கிக்கொண்டு பூரணத்தம்மாவிடம் போனார்.

பூரணத்தம்மா ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் கிடத்தி, அதன் குளம்பில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவன் திருடன்தான்."

"காதுல விழுந்துச்சு."

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னது சரி."

"சரி."

"நான் சொன்னது சரின்னா, நேத்து எதுக்கும்மா அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்? எடுக்காதவன்னு நினைச்சுல்லா கேட்டேன்?"

குட்டி கத்தியது. பூரணத்தம்மா அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவன் எடுத்தது தப்பு. நான் திட்டினது சரி. ஆனா அடக்கத்தன்னைக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்த சவரிராயன் பாதியில் நிறுத்தினார். கோபம் வரும் என்று காத்திருந்தார். அது வழக்கமாக வருகிற வழியில் வரவில்லை. போகவும் இல்லை.

"தலையும் புரியல, வாலும் புரியலம்மா. நான் போன்ல சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கிடலாமா?"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க, அண்ணாச்சி? யார்கிட்ட சொன்னீங்களோ அவர்கிட்ட கேளுங்க."

சவரிராயன் திரும்பி நடந்தார். இன்னாசி இருந்த இடத்திலேயே இருந்தார். காலிப் பை மடியில் கிடந்தது.

"ஏலே."

இன்னாசி நிமிர்ந்தார்.

"நேத்து நான் உன்கிட்டச் சொன்னேன்லா? அந்தச் சொல்லைத் திருப்பித் தந்திருதியா?"

இன்னாசி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வாச்சியைத் தந்திட்டேன்" என்றார். "இதைத் தர மாட்டேண்ணே."